வேலூருக்கு மூளை அறுவை சிகிச்சையைக் கொண்டுவந்த ஜேக்கப் சாண்டி: முதுமை மறதியை முதுகுத் தண்டு நீர் எப்படிக் காட்டுகிறது?

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் யாருக்காவது தலையில் அடிபட்டாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் வராமல் போனாலோ வீட்டில் முதலில் வரும் பேச்சு, வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் என்பதுதான். ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர், பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் ஐ.டி. ஊழியர், கடை வைத்திருப்பவர் என யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஸ்கேன் கவரோடு வந்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

நமக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் 1949-க்கு முன்பு வேலூரில் மட்டுமில்லை, இந்தியாவிலேயே மூளை அறுவை சிகிச்சைக்கென்று ஒரு தனித் துறை கிடையாது. அதைத் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜன் என்று மருத்துவ உலகம் இவரைத்தான் சொல்கிறது.

இப்போது அவரைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கிறது. அல்சைமர், பார்க்கின்சன் போன்ற முதுமைக்கால நரம்பு நோய்களை முதுகுத் தண்டு நீரில் இருக்கும் புரதங்களை வைத்துக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் உலகம் முழுக்கப் பேசப்படுகின்றன. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை ஒரு நாள் டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். நரம்பு நோயை கத்தியால் மட்டும் இல்லாமல் வேதியியலாலும் அணுக வேண்டும் என்ற யோசனை இந்த வட்டாரத்தில் எப்படி வேர்விட்டது? அதற்கான பதில் சாண்டியின் வாழ்க்கையில் இருக்கிறது.

கோட்டயத்திலிருந்து மான்ட்ரியல் வரை

ஜேக்கப் சாண்டி 1910-ல் கேரளத்தின் கோட்டயத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தது சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். அந்தக் காலத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பலருக்கு அரசு வேலையோ சொந்த கிளினிக்கோதான் இலக்கு. சாண்டி வேறு பாதையில் போனார். வளைகுடாவில் பஹ்ரைனில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பால் ஹாரிசன் என்ற அனுபவம் மிக்க சர்ஜனிடம் பணியாற்றினார். அறுவை சிகிச்சையில் அவருக்கு உறுதியான ஆர்வம் பிடித்தது இங்கேதான்.

அடுத்து 1940-களின் நடுவில் அமெரிக்கா, பிறகு கனடா. மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெறும் வாய்ப்பு கிடைத்தது. பென்ஃபீல்ட் யார் என்று தெரியாதவர்களுக்கு: நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் கையை அசைக்கிறது, எந்த இடம் பேச்சைக் கட்டுப்படுத்துகிறது என்று வரைபடம் போட்டவர். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் அன்றைக்கு உலகத்திலேயே முன்னணியில் இருந்தவர்.

1934-ல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அறுவை சிகிச்சை செய்பவர், மருந்து கொடுக்கும் நரம்பியல் மருத்துவர், திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர், ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்பவர் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வார்கள். ஒரு நோயாளியைப் பற்றி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். அறுவை சிகிச்சைத் திறமையோடு இந்த அமைப்பு முறையையும் சாண்டி மனதில் ஏற்றிக்கொண்டார்.

ஏன் வேலூர்?

பயிற்சி முடித்த நியூரோ சர்ஜனுக்கு வட அமெரிக்காவில் அன்றைக்கு நல்ல எதிர்காலம் இருந்தது. இந்தியா திரும்பினாலும் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் மாதிரி பெருநகரம்தான் இயல்பான தேர்வாக இருந்திருக்கும். ஆனால் அவர் வந்து சேர்ந்தது வேலூர் என்ற சிறு நகரத்துக்கு.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை, 1902-ல் மருத்துவமனையாக வளர்ந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1940-களில் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக மாறியது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரியாக நிலைத்து நிற்க வேண்டுமென்றால் சிறப்புத் துறைகள் வேண்டும், அதை நடத்தத் தகுதியான ஆட்கள் வேண்டும். அன்றைக்கு சி.எம்.சி.யின் பொறுப்பில் இருந்த தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். சாண்டியை அழைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1949-ல் சாண்டி வேலூரில் நரம்பியல், நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். நரம்பியலும் அறுவை சிகிச்சையும் இரண்டு தனி அறைகளாக இல்லாமல் ஒரே துறையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். மான்ட்ரியலில் பார்த்த அதே மாடல்தான்.

அடுத்த வருடம், 1950-ல், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி நியூரோ சர்ஜரியைத் தொடங்கினார். 1951-ல் சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய 4 பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். அத்தனை பெரிய நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு சங்கம் ஆரம்பிக்க 4 பேர்! இன்றைக்கு நியூரோ கான்ஃபரன்ஸ்களில் மண்டபம் நிறையக் கூட்டம் வருவதைப் பார்த்தால் இதை நம்புவது கஷ்டம்.

ஸ்கேன் இல்லாமல் மூளையை எப்படிப் பார்த்தார்கள்?

இன்றைக்குத் தலைவலி என்று போனாலே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியின் மூளை படம்பிடிக்கப்பட்டது 1971-ல், இங்கிலாந்தில். சாண்டி வேலூரில் முழுநேரமாக வேலை செய்த காலம் 1949 முதல் 1970 வரை. அதாவது, அவர் ஒரு சி.டி. ஸ்கேனின் உதவிகூட இல்லாமல்தான் அத்தனை மூளை அறுவை சிகிச்சைகளையும் செய்தார்.

அப்போ எப்படி? முதல் கருவி, நோயாளியை உட்கார வைத்து நிதானமாகப் பரிசோதிப்பது. எந்த விரல் பலவீனம், கண் பாப்பா எப்படிச் சுருங்குகிறது, எந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்று பார்த்தே மூளையில் கோளாறு எங்கே என்று கணிப்பார்கள். இரண்டாவது கருவிதான் நம் கதைக்கு முக்கியம்: முதுகுத் தண்டு நீர்.

சிம்பிளாகச் சொன்னால், மூளையும் தண்டுவடமும் ஒரு தெளிந்த நீரில் மிதக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு இந்த நீர் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும், ஒரு டீ டம்ளரை நிரப்பும் அளவு. ஆனால் ஒரு நாளில் உடல் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. பழையது ரத்தத்தில் கலந்து வெளியேறுகிறது. அதாவது தினமும் மூன்று நான்கு முறை இந்த நீர் மாறிவிடுகிறது. மூளைக்குக் குஷன், கழிவு வெளியேற்றும் வாய்க்கால் என்று இரண்டு வேலையையும் இது பார்க்கிறது.

மூளைக்குள் நேரடியாக எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த நீரை இடுப்புப் பக்கத்தில் ஊசி வைத்து எடுக்க முடியும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிஷ் குயின்கே 1891-ல் இந்த முறையை விவரித்தார். இதற்குப் பெயர் லம்பர் பங்சர். நம் ஊர் பேச்சில், முதுகுல தண்ணி எடுக்கறது.

சாண்டியின் காலத்தில் மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று சொன்னது இந்த நீர்தான். கலங்கலாக வந்தால் கிருமித் தொற்று. ரத்தம் கலந்து வந்தால் மூளையில் ரத்தக் கசிவு. சர்க்கரை குறைந்து, புரதம் கூடி, ஒரு வகை வெள்ளணுக்கள் நிறைந்து வந்தால் காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைய இந்தியாவில் மூளையில் வளரும் கட்டிகளில் கணிசமானவை காசநோய்க் கட்டிகள். அதனால் இந்த நீரைப் படிக்கத் தெரியாத நியூரோ சர்ஜன் இங்கே பிழைப்பு நடத்தவே முடியாது.

இன்னொரு முறையும் இருந்தது. அமெரிக்க சர்ஜன் வால்டர் டாண்டி 1918, 1919-ல் கண்டுபிடித்தது. மூளைக்குள் இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அதற்குப் பதில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுப்பார்கள். காற்று கருப்பாகத் தெரியும். மூளையின் உள் அறைகள் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அங்கே கட்டி இருக்கிறது என்று கணக்கு. நோயாளிக்குக் கடுமையான தலைவலியும் வாந்தியும் வரும். ஆனால் வேறு வழி இல்லை. சி.டி. வந்த பிறகு இந்த முறை மெல்ல மறைந்துவிட்டது.

கத்தி மட்டும் போதாது

1952-ல் வேலூரில் சாண்டி செய்த ஒரு அறுவை சிகிச்சை வரலாற்றில் இடம்பெற்றது. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்காக இந்தியாவில் நடந்த முதல் மூளை அறுவை சிகிச்சை அது. பென்ஃபீல்டிடம் கற்றதை மூன்றே வருடத்தில் வேலூரில் நடத்திக் காட்டினார்.

ஆனால் ஒரு ஆள் எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்ய முடியும்? 1950-களின் பிற்பகுதியில் சி.எம்.சி.யில் நியூரோ சர்ஜன்களுக்கான முறையான பயிற்சிப் படிப்பை அவர் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். வெளிநாடு போனால்தான் நியூரோ சர்ஜன் ஆக முடியும் என்ற நிலைமை இதனால் மாறியது. இங்கே பயிற்சி பெற்றவர்கள் நாட்டின் பல பகுதிகளுக்குப் போனார்கள். கல்லூரி முதல்வர் பொறுப்பையும் சாண்டி ஏற்று நடத்தினார். 1964-ல் மத்திய அரசு பத்ம பூஷண் கொடுத்தது.

வேலூருக்கு வந்த வேதியியலாளர்

இனிதான் கதையின் அதிகம் பேசப்படாத பகுதி. நரம்பு நோய்களில் பலவற்றுக்குக் கட்டி கிடையாது, கிருமி கிடையாது. வெட்டி எடுக்க எதுவும் இருக்காது. செல்லுக்குள் நடக்கும் வேதியியல் கோளாறுதான் காரணம். இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டும். சாண்டி கட்டிய நரம்பியல் துறையில் அதற்கும் இடம் இருந்தது.

1957-ல் பிமல் குமார் பச்சாவத் என்ற இளம் உயிர்வேதியியலாளர் வேலூர் வந்தார். கல்கத்தாக்காரர். அமெரிக்காவில் ஆய்வு செய்தபோது, எச்.எம்.ஜி. கோ-ஏ என்ற பொருளை உடைக்கும் நொதியைக் கண்டறிந்த குழுவில் முக்கியமானவர். கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் தரும் ஸ்டாட்டின் மாத்திரை தெரியுமில்லையா? உடல் இதே எச்.எம்.ஜி. கோ-ஏ-விலிருந்து கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அப்படி ஒரு அடிப்படையான விஷயத்தில் வேலை செய்தவர், வேலூரில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தைக் கட்டி எழுப்பினார்.

அங்கே ஆராயப்பட்டவற்றில் ஒன்று, நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் உள்ள சல்ஃபேட் சேர்ந்த கொழுப்புப் பொருள்களும், அவற்றை உடைக்கும் அரில்சல்ஃபடேஸ் என்ற நொதியும். மின்சார ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஒரு கொழுப்பு உறை உண்டு. இந்த நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் கொழுப்பு உடையாமல் சேர்ந்துகொண்டே போகும். உறை சிதையும். நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை தடுமாறத் தொடங்கும், பிறகு பேச்சு போகும். நரம்புச் சிதைவு நோய் என்றால் வயதானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறோம். குழந்தைகளுக்கும் வரும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

இதில் கவனிக்க வேண்டியது: நோயாளியின் மூளையைத் திறக்காமலேயே, உடலிலிருந்து எடுக்கும் மாதிரியில் ஒரு நொதியை அளந்து, மூளையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். இப்போது பயோமார்க்கர் என்று சொல்கிறோமே, அதன் அடிப்படை யோசனை இதுதான். பச்சாவத் 1970-களின் நடுவில் கல்கத்தாவுக்கும் பிறகு டெல்லிக்கும் போனார். 1990-ல் அவருக்கும் பத்ம பூஷண் கிடைத்தது. 1996-ல் மறைந்தார்.

இன்றைக்கு அந்த நீர் என்ன சொல்கிறது?

சாண்டி காலத்தில் முதுகுத் தண்டு நீரில் செல், சர்க்கரை, புரதம், கிருமி என்று பார்த்தார்கள். இப்போது அதே நீரில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் தனித்தனிப் புரதங்களை அளக்க முடிகிறது.

அல்சைமர் நோயை எடுத்துக்கொள்வோம். 1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண் நோயாளி இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதில் இரண்டு விதமான படிவுகளை விவரித்தார். ஒன்று செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக, இன்னொன்று செல்லுக்குள் சிக்கு விழுந்த நூல் மாதிரி. முதலாவது அமைலாய்டு பீட்டா, இரண்டாவது டாவ் என்ற புரதம் என்பது பிறகு தெரிந்தது.

அமைலாய்டு பீட்டா 42 என்ற வகை மூளையில் படிந்து மாட்டிக்கொள்வதால், முதுகுத் தண்டு நீருக்கு வந்து சேரும் அளவு குறையும். டாவ் அளவு கூடும். நோய் என்றால் எல்லாமே ஏறும் என்று நினைப்போம், இங்கே ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அல்சைமரின் அடையாளம் கிடைக்கிறது. நோயாளி உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்ல முடிவது பெரிய மாற்றம். 2022 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த அளவீட்டின் அடிப்படையிலான ஒரு முதுகுத் தண்டு நீர் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. 2025 மே மாதம் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கும் அனுமதி கிடைத்தது.

மற்ற நோய்களுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. நரம்பு இழை உடைந்தால் அதன் உள்சட்டமான நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கசிந்து நீருக்கு வரும். இடிந்த வீட்டிலிருந்து செங்கல் உருண்டு தெருவுக்கு வருவது மாதிரி. எந்த வீடு என்று அது சொல்லாது, ஆனால் எங்கோ இடிகிறது என்று சொல்லும். ஏ.எல்.எஸ். என்ற தசைகளை முடக்கும் நோயின் ஒரு மரபணு வகைக்கு 2023-ல் அமெரிக்கா ஒரு மருந்தை அனுமதித்தபோது, இந்தப் புரதத்தின் அளவு குறைந்ததைத்தான் முக்கிய ஆதாரமாக எடுத்துக்கொண்டது. பார்க்கின்சனுக்கு ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தின் கோளாறான வடிவத்தைக் கண்டறியும் பரிசோதனை வந்திருக்கிறது.

வயசானாலே இதெல்லாம் மாறுமே?

சரியான கேள்வி. முதுகுத் தண்டு நீரும் நம்மோடு சேர்ந்து வயதாகிறது.

வயது ஏறும்போது மூளை கொஞ்சம் சுருங்கும், அந்த இடத்தை நீர் நிரப்பும். நீர் புதிதாகச் சுரந்து வெளியேறும் வேகம் குறையும். வாய்க்காலில் ஓட்டம் குறைந்தால் வண்டல் தங்குவது போல, நீரில் புரதத்தின் அளவு மெல்லக் கூடும். நோய் எதுவும் இல்லாத 70 வயதுக்காரரின் நீரிலும் 25 வயதுக்காரரைவிடப் புரதம் கூடுதலாக இருக்கும். நியூரோஃபிலமென்ட்டும் வயதோடு ஏறும். அதனால் 30 வயதுக்காரருக்கு அபாயம் என்று சொல்லும் எண், 75 வயது ஆயாவுக்குச் சாதாரணமாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் வரும் எண்ணை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னும் முக்கியமான விஷயம் ஒன்று. ஞாபகசக்தி நன்றாக இருக்கும் பெரியவர்களிலும் மூளையில் அமைலாய்டு படிந்திருக்கும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் வெளியான ஒரு கணக்குப்படி, நல்ல நினைவோடு இருப்பவர்களில் 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் இந்த அடையாளம் இருந்தது. இவர்களில் பலர் மறதி நோய் வராமலேயே வாழ்ந்து முடிப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் நோய் என்று சொல்லிவிடலாமா, இல்லை அறிகுறியும் இருந்தால்தான் நோய் என்று சொல்ல வேண்டுமா? இதில் உலக நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. எந்தப் பிரச்சனையும் இல்லாத 60 வயது அப்பாவிடம், உங்களுக்கு அல்சைமர் என்று ஒரு பேப்பரைக் காட்டினால் அவர் மீதி வாழ்க்கை என்னாகும்? வேலை, இன்ஷூரன்ஸ், வீட்டில் அவர் பேச்சுக்கு இருக்கும் மரியாதை எல்லாமே அடிபடும். அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு மாஸ்டர் செக்கப் மாதிரி இந்தப் பரிசோதனையை எடுக்கச் சொல்வதில்லை.

மறதியெல்லாம் அல்சைமர் இல்லை

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. மக்கள்தொகையில் முதியோர் பங்கில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு. ஆக இது நம் பிரச்சனை.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? தாத்தா மறக்கிறார் என்றால், வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். இதில் ஒரு ஆபத்து உண்டு. மறதிக்குக் காரணம் சரி செய்யக்கூடியதாகவும் இருக்கலாம். வைட்டமின் பி 12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம், தலையில் அடிபட்டு மெல்லச் சேரும் ரத்தக் கட்டு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு எல்லாமே மறதியைத் தரும்.

முதுகுத் தண்டு நீரோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் இருக்கிறது. 1965-ல் விவரிக்கப்பட்ட நோய் இது. மூளையின் உள் அறைகளில் நீர் தேங்கி அவை விரிந்துவிடும். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள், சிறுநீரை அடக்க முடியாது, மறதியும் மந்தமும் வரும். பார்ப்பதற்கு முதுமை மாதிரியே இருக்கும். சந்தேகம் இருந்தால் முதுகில் ஊசி வைத்து 30 முதல் 50 மில்லி வரை நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நடை தேறினால், நீரை வயிற்றுப் பகுதிக்கு வடித்துவிடும் சிறு குழாயை நியூரோ சர்ஜன் பொருத்தலாம். எல்லாருக்கும் முழுதாகக் குணமாகாது. ஆனால் சக்கர நாற்காலியில் வந்தவர் நடந்து போகும் வாய்ப்பு உண்டு. வயசாச்சு என்று விட்டிருந்தால் அந்த வாய்ப்பு போயிருக்கும்.

நரம்பியல் மருத்துவரும் சர்ஜனும் ஆய்வுக்கூடமும் ஒரே இடத்தில் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்று சாண்டி 1949-ல் பிடிவாதமாக இருந்ததன் அர்த்தம் இந்த நோயில் நன்றாகப் புரியும். ஒருவர் நடையைப் பார்க்கிறார், ஒருவர் நீரை அளக்கிறார், ஒருவர் குழாய் வைக்கிறார். மூவரில் ஒருவர் இல்லையென்றாலும் நோயாளிக்கு நஷ்டம்.

முதுகில் ஊசி போட்டால் கால் போயிடுமா?

இந்தப் பயம் நம் பக்கம் நிறைய உண்டு. உண்மை என்னவென்றால், பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். அதனால் கால் செயலிழப்பது மிக மிக அரிது.

ஊசி எடுத்த பிறகு சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மூளையில் பெரிய கட்டி இருந்து அழுத்தம் கூடியிருந்தால் இந்த ஊசி ஆபத்து. அதனால்தான் இப்போது பல நேரங்களில் முதலில் ஸ்கேன், பிறகு ஊசி. ஸ்கேன் இல்லாத காலத்தில் கண்ணின் பின்புறம் உள்ள நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்து முடிவெடுத்தார்கள். சாண்டியின் தலைமுறை டாக்டர்களுக்கு அது அன்றாட வேலை.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் பெரியவருக்கு மறதி என்றால், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கும், சாவி எதற்கு என்றே தெரியாமல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கு தப்பிப் போவது, நடை மாறுவது, குணம் மாறுவது இவை தெரிந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ காட்டுங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்த பிறகுதான் முதுகுத் தண்டு நீர் பற்றிய பேச்சு வரும். அப்படி எழுதினால், இந்த ரிசல்ட் வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பெரியவரிடமும் கேளுங்கள். அது அவருடைய உடம்பு, அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

97 வயது வரை

சாண்டி 1970-ல் சி.எம்.சி.யிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே இங்கிலாந்தில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. தான் கையாலும் கண்ணாலும் ஊசியாலும் தேடியதை இயந்திரம் சில நிமிடங்களில் காட்டும் காலம் வந்ததை அவர் ஓய்வில் இருந்தபடி பார்த்தார். 1980-களில் தன் வாழ்க்கை அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். அல்சைமருக்கான முதுகுத் தண்டு நீர் அளவீடுகள் 1990-களில் ஆய்வுக்கூடங்களில் வெளிவந்தபோது அவருக்கு 80 வயதைத் தாண்டியிருந்தது. 2007-ல், 97 வயதில் காலமானார்.

கேரளத்திலிருந்து சேலம் வழியாகச் சென்னை போகும் ரயில் பாதையும் பெங்களூரிலிருந்து வரும் பாதையும் சேரும் இடம் நம் ஜோலார்பேட்டை. அதற்கு மேல் காட்பாடி வரை ஒரே தண்டவாளம்தான். மூளைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நம் ஆட்கள் கடல் தாண்டத் தேவையில்லை, காட்பாடி டிக்கெட் போதும் என்ற நிலைமையை 1949-ல் தொடங்கி வைத்தவர்களில் முதல் பெயர் ஜேக்கப் சாண்டியுடையது.